வரம்பும் பதிவேடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியிலே, ஏ9 நெடுஞ்சாலையிலிருந்து பருத்தித்துறைக்கு வீதி பிரியும் சந்தியில் அமைந்திருப்பது கொடிகாமம். தேங்காயும் பலாப்பழமும் வந்து குவியும் சந்தையும், புகையிரத நிலையமும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய புகையிரதம், பின்னர் கொடிகாமத்தையும் பளையையும் கடந்து 1905ஆம் ஆண்டில் கொழும்புப் பாதையோடு இணைந்தது. 1990ஆம் ஆண்டில் போரினால் நின்றுபோன சேவை, 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே பளையிலிருந்து யாழ்ப்பாணம் வரை மீண்டும் தொடங்கியபோது, கொடிகாமமும் புகையிரதத்தின் ஓசையை மறுபடி கேட்டது.

இப்பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இத்தகைய பாதைகளிலே நிலைய அதிபரின் மேசையில் இரண்டு பொருள்கள் இன்றியமையாதனவாய் இருந்தன. ஒன்று, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குச் சென்றது என்பதை எழுதும் பதிவேடு. மற்றொன்று, அடுத்த நிலையம் வரையுள்ள பாதையில் ஒரு வண்டி நுழைவதற்கு உரிமை வழங்கும் உலோக வில்லை. நடந்ததைக் காப்பது பதிவேடு; நடக்கக்கூடியதற்கு எல்லை கட்டுவது வில்லை. இவ்விரண்டும் இன்றைய கணினிகளுக்குள்ளேயும் வேறு வடிவத்தில் உள்ளன என்பதும், வரம்பைத் தவறாகக் கட்டினால் பதிவேடு அழியும் என்பதும் இப்பேச்சின் பொருள்.

வில்லை முறை பிறந்த வரலாறு துயரமானது. 1874ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் நோரிச் நகருக்கு அருகேயுள்ள தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைப் பாதையிலே இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தந்திச் செய்தியிலே நேர்ந்த குழப்பமே காரணம். இதன்பின் எட்வேட் ரயர் என்பார் 1878ஆம் ஆண்டில் ஒரு பொறியை உருவாக்கினார். இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது மறுமுனையிலோ எடுத்த இடத்திலோ திரும்பச் செருகப்படும் வரை வேறொரு வில்லை வெளியே வராது. வில்லை கையில் இல்லாத சாரதி பாதையில் நுழையலாகாது. இலங்கையின் ஒற்றைப் பாதைகளிலும் இம்முறை நெடுங்காலம் கையாளப்பட்டது. வடக்குப் பாதையில் இப்போது நவீன விளக்குச் சமிக்ஞைகள் உள்ளன. ஆயினும் தத்துவம் மாறவில்லை. உரிமை எண்ணிக்கைக்கு உட்பட்டது. பெற்றவன் அதனைத் திருப்பிக் கொடுத்தேயாக வேண்டும்.

இனிக் கணினிக்கு வருவோம். வங்கியிலே பணம் எடுப்பவரும், கைத்தொலைபேசியிற் பேசுபவரும், வைத்தியசாலையிலே தம் பெயரைப் பதிபவரும் தாம் அறியாமலே எங்கோ ஒரு கணினியிற் சில வரிகளை எழுதுவிக்கின்றனர். எந்த நேரத்தில், எந்த இயந்திரத்தில், யார் பெயரால் என்ன நிகழ்ந்தது என்பதே அவ்வரிகளின் பொருள். இவ்வாறு பல கணினிகள் எழுதும் வரிகளை ஓரிடத்தில் திரட்டி, ஒழுங்குசெய்து, தேடுவோர்க்கு எடுத்துத் தரும் பெருங்கணினியைப் பதிவேட்டுச் சேவையகம் எனலாம். கணினியின் நினைவகத்தையும் நேரத்தையும் வட்டினையும் பல வேலைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரியோ, நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை எனக் குறிக்கும் மென்பொருள் ஆகும். பதிவேட்டை எழுதுவது சேவையகம். அதற்குரிய பங்கினை அளப்பது பணிசெயல் முறைமை. ஆகவே முன்னதன் வாழ்வு பின்னதன் அளவுகோலைப் பொறுத்தது.

இந்த அளவுகோல் எப்போது தோன்றியது? ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தத் தொடங்கிய அன்றே தோன்றியது எனலாம். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், பெர்னாண்டோ கோபற்றோ என்பவரின் குழுவினர் அத்தகைய பகிர்வு முறையொன்றைச் செய்து காட்டினர். எட்டு ஆண்டுகளின் பின், 1969இல், பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் யுனிக்ஸ் என்னும் முறைமைக்கு அடிகோலினார். டெனிஸ் றிச்சி அவருக்குத் துணைநின்றார். அந்நாளைய இயந்திரங்களின் நினைவகம் மிகச் சிறிது. 1975ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்ஸின் ஆறாம் பதிப்பிலே, ஒரு வேலை ஒரே சமயத்தில் 15 கோப்புகளை மட்டுமே திறந்து வைத்திருக்கலாம். இயந்திரம் முழுவதிலும் 100 கோப்புகளே திறந்திருக்கலாம். வேலைகளின் மொத்த எண்ணிக்கையோ 50. திறக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் நினைவகத்திலே ஓர் அட்டவணையில் இடம் வேண்டும். அட்டவணை நீண்டால் வேலை செய்ய இடமிராது. 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பிலே 15 என்பது 20 ஆயிற்று.

கோப்பினைத் திறக்கும் வேலைக்குப் பணிசெயல் முறைமை ஓர் எண்ணைக் கொடுக்கின்றது. அவ்வெண் இருக்கும் வரையே அக்கோப்பிற் படிக்கவும் எழுதவும் முடியும். வேலை முடிந்ததும் எண்ணைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். நிலைய அதிபரின் வில்லையை ஒத்தது இவ்வெண். ஒரு வேலை எண்களை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடாமல் வைத்திருக்குமாயின், ஒரு நாள் அதன் பங்கு தீர்ந்துபோகும். அதன்பின் அது புதிய கோப்பைத் திறக்க முயன்றால், ‘திறந்த கோப்புகள் மிகுதி’ என்னும் மறுப்பே விடையாக வரும். மேலும், யுனிக்ஸ் மரபிலே பிறிதொரு கணினியோடு உரையாடும் இணைப்பும் கோப்பைப் போன்றே எண் பெறுகின்றது.

1983ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து யுனிக்ஸின் 4.2 பதிப்பு வெளிவந்தது. வரம்புகளின் வரலாற்றில் இஃது ஒரு திருப்புமுனை. அதுவரை மூலநிரலில் எழுதி வைத்த மாறா எண்ணாக இருந்தது, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே அமைக்கக்கூடிய இரட்டை வரம்பாயிற்று. மென் வரம்பு, வன் வரம்பு என்பன அவை. மென் வரம்பே நடைமுறையில் உள்ள எல்லை. வேலையானது தானாகவே அதனை உயர்த்தலாம், ஆனால் வன் வரம்பு வரையே. வன் வரம்பினை உயர்த்தும் அதிகாரம் இயந்திரத்தின் நிருவாகிக்கு மட்டுமே உண்டு. இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பயிர் செய்யும் கமக்காரன் தன் வயலின் வரம்பைத் தானே வெட்டவும் கட்டவும் செய்வான். குளத்தின் துருசைத் திறக்க அவனுக்கு உரிமையில்லை. அவ்வேறுபாடே இங்கும் உள்ளது. மெல்பேண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் எல்ஸ் என்பார் ஆக்கிய வட்டுப் பங்கீட்டு முறையும் இதே பதிப்பில் இடம்பெற்றது. திறந்த கோப்புகளின் எண்ணிக்கை சில ஆண்டுகள் கழித்து இந்த இரட்டை வரம்புக்குள் வந்தது.

பேர்க்லியிலேயே, ஏறத்தாழ அதே காலத்தில், கணினிப் பதிவேட்டுக்கும் ஒரு பொதுமுறை பிறந்தது. எரிக் ஓல்மன் என்பவர் மின்னஞ்சல்களைக் கொண்டு சேர்க்கும் சென்ட்மெயில் என்ற மென்பொருளை ஆக்கியபோது, அதன் நிகழ்ச்சிகளைக் குறித்து வைப்பதற்குச் சிஸ்லொக் என்னும் துணை நிரலை எழுதினார். பின்னர் ஏனைய மென்பொருள்களும் அதனிடமே தம் செய்திகளை ஒப்படைக்கலாயின. செய்தி ஒவ்வொன்றுக்கும் அது எவ்வகையினது, எவ்வளவு அவசரமானது என்ற குறிப்பு உண்டு. வழக்கிலிருந்த இம்முறை 2001ஆம் ஆண்டில் ஆவணமாக விவரிக்கப்பட்டு, 2009இல் நியமமாக வரையறுக்கப்பட்டது. அதன் பழைய வழக்கத்தில் ஒரு குறையும் இருந்தது. செய்தியை அனுப்பும் இயந்திரம், அது சேர்ந்ததா என்று கேட்பதில்லை. பெறும் இயந்திரம் திணறிச் சில வரிகளைத் தவறவிட்டால், தவறிய செய்தியை இரு தரப்பாரும் அறியார்.

இங்கே 1,024 என்ற எண்ணின் கதையைச் சொல்லுதல் வேண்டும். பல இணைப்புகளை ஒரே வேளையிற் கவனிப்பதற்கு யுனிக்ஸில் அமைந்த பழைய வழியொன்று, எண்களைக் குறிக்க நீளம் மாறாத ஓர் அட்டவணையைக் கையாண்டது. லினக்ஸிலே அவ்வட்டவணையின் நீளம் 1,024. அதற்கு மேற்பட்ட எண் கிடைத்தால் பழைய நிரல்கள் நினைவகத்தில் தவறான இடத்திலே எழுதிக் குழம்பக்கூடும். ஆதலால் ஒரு வேலைக்குரிய மென் வரம்பு 1,024 என்றே வைக்கப்பட்டது. இயந்திரங்களின் நினைவகம் பல்லாயிரம் மடங்கு பெருகிய பின்னரும் அவ்வெண் மாறவில்லை. சிக்கனம் கருதி அன்று, பழைய நிரல்களுக்கு ஊறு நேராமைப்பொருட்டே அது நின்றது. காரணத்தை மறந்தவர்கள் அதனை இயந்திரத்தின் ஆற்றலுக்கு எல்லையென எண்ணினர்.

பதிவேட்டுச் சேவையகத்துக்கு 1,024 எப்படிப் போதும்? செய்தி அனுப்பும் கணினி ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு. இணைப்பு ஒவ்வொன்றும் ஓர் எண். வந்த வரிகளைத் தேடத்தக்கனவாக அடுக்குவதற்கு அகராதி போன்ற சுட்டிகள் வேண்டும். டக் கட்டிங் என்பவர் ஆக்கிய லூசீன் என்னும் தேடற்பொறி, சுட்டியைச் சிறு துண்டுகளாக எழுதிப் பின்னர் ஒன்றுசேர்க்கும் இயல்பினது. துண்டுகள் ஒவ்வொன்றும் கோப்புகள். லூசீனை அடித்தளமாகக் கொண்டு ஷாய் பனோன் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட இலாஸ்ரிக்சேர்ச் உலகெங்கும் பதிவேட்டுப் பணிக்குப் பயன்படலாயிற்று. இதனை நடத்துவோர்க்கு வழங்கப்பட்ட கையேடு, திறந்த கோப்புகளின் வரம்பு 65,535க்குக் குறையலாகாது என்றும், செயல் இழைகள் 4,096 ஆகவேனும் இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. கோப்புகளை நினைவகத்தோடு பொருத்தும் பகுதிகளுக்கு லினக்ஸில் இயல்பாக உள்ள எல்லை 65,530. பல பதிப்புகள் அதனை 262,144 ஆக உயர்த்தும்படி வேண்டின.

பழைய வரம்போடு விட்டுவைத்தால் நேரும் தீங்கின் இயல்பைக் கவனித்தல் நன்று. அமைதியான நாளிலே சேவையகம் செவ்வனே இயங்கும். எவர்க்கும் ஐயம் எழாது. வலையமைப்பிலே கள்ளர் புகுந்த நாளிலோ, ஒரு மென்பொருள் பழுதுற்ற நாளிலோ, எல்லாக் கணினிகளும் ஒரே வேளையில் அவலக்குரல் எழுப்பும். வரிகள் வெள்ளமாய் வரும். இணைப்புகள் பெருகும், சுட்டித் துண்டுகள் பெருகும், எண்கள் தீரும். அந்நேரத்திற் சேவையகம் புதிய கோப்பைத் திறக்க இயலாமல் நிற்கும், எழுதிக்கொண்டிருந்ததும் கெடக்கூடும். எந்த நாளுக்காகப் பதிவேடு வைத்தோமோ, அந்த நாளின் பக்கமே வெறுமையாய்ப் போகும். மாரியிலே உடையும் வரம்பு கோடையில் உறுதியாகவே தோன்றும் அன்றோ?

இதனை உணர்ந்தே, 2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் வந்த இலாஸ்ரிக்சேர்ச்சின் ஐந்தாம் பதிப்பிலே ஒரு கடுமையான விதி புகுத்தப்பட்டது. முன்னர் வரம்பு குறைந்திருந்தால் எச்சரிக்கை வரியொன்றை எழுதிவிட்டு மென்பொருள் இயங்கத் தொடங்கும். அவ்வரியைப் படிப்பவர் சிலரே. புதிய பதிப்போ, பிற இயந்திரங்களோடு இணைந்து மெய்யான பணியிலே ஈடுபடும்போது, வரம்புகள் போதாவெனின் தொடங்கவே மறுத்தது. நள்ளிரவிலே பாதியில் நிற்பதைவிட, காலையிலே நிருவாகி கண்முன் தொடங்க மறுப்பது மேலன்றோ? வில்லை இல்லாத வண்டியை நிலையத்திலேயே நிறுத்துவதும் இதுவே.

வரம்பை உயர்த்தப் புகுந்தோர் பலர் ஒரு மயக்கத்துக்கும் ஆளாயினர். லினக்ஸில் வரம்பு வந்து சேரும் வாயில்கள் இரண்டு. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வரும் மனிதருக்குரிய வரம்புகள் ஓரிடத்தில் எழுதப்படும். இயந்திரம் விழித்தெழும்போது தாமாகவே தொடங்கும் சேவைகளுக்குரியவை வேறோரிடத்தில், சிஸ்டம்டி என்னும் மேற்பார்வை நிரலின் குறிப்புகளில், எழுதப்பட வேண்டும். முதல் வாயிலில் எண்ணை உயர்த்திவிட்டு, தம் முன்னே சோதித்துப் பார்த்து, சரியென மகிழ்ந்த நிருவாகி, சேவையகம் இரண்டாம் வாயிலால் வருவதை அறியமாட்டார். எழுதிய எண்ணைப் பார்த்தல் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் வேலையிடமே அதன் வரம்பு யாதென்று கேட்டறிதல் வேண்டும். 2018ஆம் ஆண்டு டிசெம்பரில் சிஸ்டம்டி, வன் வரம்பினை 524,288 ஆக உயர்த்தி, மென் வரம்பினை முன்போல் 1,024 ஆகவே வைத்தது. அறிந்த நிரல் தன் தேவைக்கு உயர்த்திக்கொள்ளும். பழைய நிரலுக்குத் தீங்கில்லை.

பெரிய நிறுவனங்களும் இவ்விடயத்தில் இடறியதுண்டு. 2020ஆம் ஆண்டு நவெம்பர் 25ஆம் நாள், அமெரிக்காவின் வட வேர்ஜீனியாவிலே அமேசன் நிறுவனம் நடத்தும் கினேசிஸ் என்னும் சேவைக்கு அதிகாலையிற் சில புதிய கணினிகள் சேர்க்கப்பட்டன. நிகழ்வுகளையும் பதிவுகளையும் ஆறுபோல் வாங்கி அனுப்புவது இச்சேவை. அதன் முன்னணிக் கணினி ஒவ்வொன்றும் ஏனையவை ஒவ்வொன்றோடும் பேசுவதற்கு ஒவ்வோர் இழையைத் திறக்கும். ஆகவே புதியவை சேரச் சேர, பழையவை எல்லாவற்றிலும் இழைகள் கூடின. பணிசெயல் முறைமை வகுத்த இழை வரம்பை எல்லாக் கணினிகளும் கடந்தன. வலிமை சேர்க்க எடுத்த முயற்சியே வீழ்ச்சிக்கு வழியாயிற்று. கினேசிஸை நம்பியிருந்த கண்காணிப்புச் சேவையும் தளர்ந்தது. வாடிக்கையாளருக்கு நிலைமையை அறிவிக்கும் வழக்கமான வழியும் தடைப்பட்டது. முழுமையான மீட்சி அன்றிரவு பத்து மணிக்குப் பின்னரே கிட்டியது. பொறியியலாளர்கள் வரம்பை அப்போதே உயர்த்தவில்லை. சோதியாமல் உயர்த்தினால் வேறு கேடு விளையலாம் என அஞ்சி, புதிய கணினிகளை விலக்கி, ஏனையவற்றைச் சிறிது சிறிதாக மீளத் தொடக்கினர். நடந்தவற்றை நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

அங்ஙனமாயின் வரம்பையே நீக்கிவிட்டால் என்ன என்று கேட்போர் உளர். அதற்கும் வரலாறு விடை தந்துள்ளது. சில கொள்கலன் சேவைகளிலே திறந்த கோப்புகளின் வரம்பு ‘எல்லையில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. புதிய சிஸ்டம்டியின் கீழ் அது நூறு கோடிக்கும் மேற்பட்ட எண்ணாயிற்று. பழைய நிரல்கள் சில, தொடங்கும்போது தம் வரம்புக்குட்பட்ட எண்கள் அனைத்தையும் ஒன்றொன்றாக மூடிப் பார்க்கும் வழக்கமுடையவை. இருபது எண்களுக்கு ஏற்ற அவ்வழக்கம் நூறு கோடி எண்களுக்கு ஏற்குமா? அவை தொடங்கவே நெடுநேரம் எடுத்தன. வட்டுக்கும் எல்லை வேண்டும். இலாஸ்ரிக்சேர்ச், தன் இயல்பான அமைப்பின்படி, வட்டு 85 சதவீதம் நிரம்பியதும் புதிய சுட்டிப் பகுதிகளை அங்கு வைப்பதை நிறுத்தும். 90 சதவீதத்தில் இருப்பவற்றை வேறிடம் நகர்த்த முயலும். 95 சதவீதத்தில் எழுதுவதையே தடுக்கும். பழைய ஏடுகளை உரிய காலத்தில் அகற்றாத களஞ்சியத்திலே புதிய ஏட்டுக்கு இடமிராது.

ஆகவே வரம்பு அமைப்பவர் முதலில் அளந்தறிதல் வேண்டும். எத்தனை கணினிகள் செய்தி அனுப்புகின்றன, பெருக்கு நாளில் அவை எத்தனை மடங்காகும், எத்தனை நாள் ஏடுகள் திறந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதற்கு மேலும் இடம் விட்டு, ஓர் எண்ணை எழுதுதல் வேண்டும். அவ்வெண்ணுக்குரிய காரணத்தையும் அருகே எழுதுதல் வேண்டும். இன்றேல் 1,024க்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். பயன்பாடு எல்லையை நெருங்குமுன் அறிவிக்கும் மணியையும் கட்டுதல் வேண்டும்.

இவை தூரதேசத்துப் பொறியியலாளர்க்கு மட்டும் உரிய கவலைகள் அல்ல. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் இலங்கை அரசின் கணினி மேகத்தின்மீது நடந்த தாக்குதலில், ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டு, மே 17ஆம் நாள் முதலான தரவுகள் இழக்கப்பட்டன. அது வரம்பினால் வந்த இழப்பன்று. அக்காலத்துக்குரிய பிரதி பாதுகாப்பாய் வேறிடத்தில் இல்லாமையால் வந்தது. ஆயினும் பதிவு என்பது தானாகக் காக்கப்படும் பொருளன்று என்பதை அது உணர்த்திற்று. யார் வந்தார், எவ்வழியால் வந்தார், எதனைத் தொட்டார் என்ற வினாக்களுக்கு விடை சொல்லவல்லது அந்நாளைய பதிவேடு ஒன்றே.

பதிவின் அருமையை வட பகுதி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இடப்பெயர்வுகளின்போது பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் தொலைத்துவிட்டுக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் தென்மராட்சியிலும் பலர். எங்கோ ஒரு பதிவகத்தில் ஓர் ஏடு பிழைத்திருந்தமையாலே தம் நிலத்தை நிலைநாட்டியவர்களும் உளர். இன்று அந்த ஏடுகளின் இடத்தைக் கணினிகள் ஏற்று வருகின்றன. தீயும் போரும் மட்டுமே ஏட்டை அழிக்கும் என எண்ணுதல் தவறு. எவரும் காணாத ஓர் எண், எந்தக் காலத்திலோ வேறொரு தேவைக்கு எழுதப்பட்ட ஓர் எண், ஒரு நாளின் பதிவை ஓசையின்றி இல்லாமற் செய்யக்கூடும். அந்த எண்ணைத் தேடிக் கண்டு, இன்றைய தேவைக்கு ஏற்பத் திருத்தி வைப்பது, பதிவேட்டுக்குப் பொறுப்பாயிருப்போரின் கடமையாகும்.